தொடரால் பெயர்பெற்றோர்: தொலைக்காட்சித் துப்பறியும் நாடக நடிகர்களின் வாழ்வும் பாத்திரமும்

முன்னுரை

சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர், பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள் சிலவற்றிற்கு அப்பாடல்களில் அமைந்த அரிய தொடர்களையே புலவர் பெயர்களாகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் முதலான பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. பெயர் மறைந்த இடத்தில் படைப்பே பெயராக நின்றது. பாடலை ஆளற்றதாக விட்டுவிட மனமில்லாத தொகுப்பாளரின் பொறுப்புணர்ச்சியை இதில் காணலாம்.

இக்காலத்தில் தொடர் என்னும் சொல் தொலைக்காட்சி நெடுங்கதையையும் குறிக்கிறது. இத்தொடர்களால் பெயர்பெற்றோரும் உளர். ஆனால் இங்கு நிகழ்வது சங்கப் பெயரீட்டிற்கு நேர்மாறானது. நடிகரின் இயற்பெயர் ஒவ்வொரு வாரமும் திரையில் எழுத்தாக ஓடுகிறது. அதனைப் பார்த்த பின்னரும் பார்வையாளர் அவரைப் பாத்திரத்தின் பெயராலேயே அழைக்கின்றனர். பெயர் மறைந்ததால் படைப்பு பெயராகவில்லை. படைப்பு பெயராகிவிட்டதால் இயற்பெயர் மறைகிறது.

இம்மறைவு துப்பறியும் தொடர்களில் ஏனைய தொடர்களைவிட மிகுதியாக நிகழ்வது ஏன்? அதனால் நடிகர் பெறுவது யாது, இழப்பது யாது? அவருடைய வாழ்வு பாத்திரத்தின் பொருளில் எவ்வாறு கலக்கிறது? இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்தியாவின் மிக நீண்ட துப்பறியும் தொடர்களுள் ஒன்றான ‘சி.ஐ.டி.’ என்னும் இந்தித் தொடர் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் ஜெரமி பிரெட், அமெரிக்காவின் பீட்டர் ஃபாக் ஆகியோர் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர்.

முடியும் வழக்கும் முடியாத பாத்திரமும்

குடும்பத் தொடர்களில் பாத்திரங்கள் பிறக்கின்றன, மணம் புரிகின்றன, முதுமை அடைகின்றன. கதை சில ஆண்டுகள் தாவி முன்செல்வதும் உண்டு. துப்பறியும் தொடரின் கட்டமைப்பு வேறு. அதில் வழக்கு வாரந்தோறும் தொடங்கி முடிகிறது. துப்பறிவோர் மட்டும் மாறாது நிற்கின்றனர். கொலையுண்டவர், ஐயத்திற்குரியவர், குற்றவாளி என வருவோர் அனைவரும் ஒரு கதையோடு நீங்கிவிடுவர். அடுத்த வாரம் பார்வையாளர் திரும்பி வருவது மாறாத அந்த முகங்களுக்காகவே. ஆகவே மாறாதிருத்தல் என்பது இவ்வகைமை நடிகர்மீது சுமத்தும் முதல் கடமை எனலாம்.

அச்சில் இக்கடமை எளிது. ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தி முடித்தார். 1903இல் உயிரோடு மீட்டார். அப்பத்து ஆண்டுகளில் ஹோம்ஸின் தலையில் ஒரு நரைமயிரும் தோன்ற வேண்டிய தேவை இல்லை. எழுத்தாலான உடலுக்கு எழுத்தாளன் தந்த வயதே வயது. தொலைக்காட்சியிலோ பாத்திரம் ஒருவருடைய உடலை இரவல் பெற்று வாழ்கிறது. பாத்திரத்திற்கு ஆண்டுகள் கழிவதில்லை, உடலுக்குக் கழிகின்றன. இவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட முரணே இந்நடிகர்களின் தொழில் வாழ்வின் அடிப்படை ஆகும்.

பி.பி. சிங் உருவாக்கிய ‘சி.ஐ.டி.’ 1998 சனவரி முதல் 2018 அக்டோபர் வரை சோனி தொலைக்காட்சியில் 1,547 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதில் ஏ.சி.பி. பிரத்யுமனாக நடித்த சிவாஜி சாட்டம் 1950இல் பிறந்தவர். வங்கிப் பணியில் இருந்துகொண்டே மராத்தி நாடக மேடையில் வளர்ந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு அகவை ஏறத்தாழ 48. முதற்கட்டம் முடிந்தபோது 68. இருபது ஆண்டுகளும் பிரத்யுமன் அதே பதவியில் இருந்தார். பதவி உயர்வும் இல்லை, ஓய்வும் இல்லை. எந்தக் காவல்துறையிலும் நடவாத இதனைப் பார்வையாளர் நகைச்சுவையாகப் பேசினரே அன்றிக் குறையாகக் கருதவில்லை. தொடரின் காலத்திற்குப் பணிவிதிகள் பொருந்தா என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. திரையில் பிரத்யுமன் ஓய்வே இல்லாத நிலையான அரசு அதிகாரி. ஆனால் மும்பைத் தொலைக்காட்சித் துறையில் நடிகர்க்கு நாள் கணக்கில் ஊதியம் பேசுவதே பெருவழக்கு. பணிநிலைப்பு, ஓய்வூதியம் என்பன அத்தொழிலின் அகராதியில் இல்லாத சொற்கள். நிலையாமையில் வாழ்வோர் நிலைபேற்றை நடித்துக் காட்டினர்.

பெயர் இடம்பெயர்தல்

‘சி.ஐ.டி.’யின் மூன்று முதன்மை நடிகர்களை ஒப்பிட்டு நோக்கினால் பாத்திரம் நடிகரை ஆட்கொள்ளும் முறை ஒரே தன்மையதன்று என்பது புலனாகும்.

தயானந்த் ஷெட்டி நடிப்பிற்கு முன் விளையாட்டு வீரர். வட்டெறிதலில் மகாராட்டிர மாநில அளவில் வெற்றி பெற்றவர். அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் தயா. நடிகரின் பெயரிலிருந்தே பாத்திரத்தின் பெயர் முளைத்தது. விளையாட்டுக் களத்தில் பயின்ற உடல்வலிமை, பூட்டிய கதவுகளைத் தகர்க்கும் செயலாகத் திரையில் மாறி, நாடறிந்த அடையாளமாயிற்று. 2014இல் வெளிவந்த ‘சிங்கம் ரிட்டர்ன்ஸ்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் ஷெட்டி காவல் அதிகாரியாக வந்தபோது அங்கும் அவருக்குத் தயா என்றே பெயர். 2024இல் வந்த ‘சிங்கம் அகெய்ன்’ படத்திலும் அப்பெயரே தொடர்ந்தது. (தமிழில் ஹரி இயக்கிய ‘சிங்கம்’ படத்தின் இந்தி வடிவத்திலிருந்து கிளைத்த படவரிசை இது.) திரைப்படம் ஒரு நடிகரை அழைத்தது எனச் சொல்வதைவிடத் தொலைக்காட்சிப் பாத்திரத்தை வரவழைத்துக்கொண்டது என்பதே பொருந்தும். ஷெட்டிக்கு இது வாய்ப்பும் வரம்பும் ஆகும். புதிய இடத்திற்குச் செல்லக் கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைய வேண்டியவர் தயா.

அபிஜித் பாத்திரத்தில் நடித்த ஆதித்ய ஸ்ரீவாஸ்தவின் வழி வேறு. ‘பாண்டிட் குயின்’ (1994), ‘சத்யா’ (1998) ஆகிய படங்களில் நடித்திருந்த அவர், ‘சி.ஐ.டி.’யில் முதலில் தோன்றியது ஒரு பகுதியில் குற்றவாளியாக. பின்னரே துப்பறியும் அணியில் சேர்க்கப்பட்டார். தொடரில் நடித்துக்கொண்டே ‘பிளாக் ஃபிரைடே’, ‘குலால்’ போன்ற படங்களில் சட்டத்திற்குப் புறம்பான உலகத்து மாந்தரையும் ஏற்றார். குற்றவாளி, காவலர் என்னும் இருபாலும் பழகிய முகமாதலின் அவருடைய அபிஜித்திடம் ஓர் ஐயத்தின் நிழல் எப்போதும் உண்டு. எழுதப்பட்ட உரையாடலில் அது இல்லை. நடிகரின் பிற படைப்புகளிலிருந்து கசிந்து வந்து சேர்கிறது.

சாட்டமோ ‘வாஸ்தவ்’ (1999), ஷங்கர் தம் ‘முதல்வன்’ படத்தை இந்தியில் ஆக்கிய ‘நாயக்’ (2001) முதலிய படங்களில் தந்தைப் பாத்திரங்களை ஏற்றவர். அதிகாரியின் கண்டிப்பினூடே அவரிடம் ஒலிக்கும் தந்தைமைத் தொனிக்கு இது துணைநின்றது. ஒருவர் தம் உடலைத் தந்தார். ஒருவர் தம் பழைய பாத்திரங்களின் நிழலைத் தந்தார். ஒருவர் தம் முதுமையையே தந்தார். மூவரும் மேடையிலோ களத்திலோ பயின்ற உழைப்பாளிகள் என்பதும் மறக்கத்தக்கதன்று. 2004 நவம்பரில் ஒளிபரப்பான ஒரு பகுதி, இடையில் வெட்டே இன்றி 111 நிமிடங்கள் ஒரே ஓட்டமாகப் படமாக்கப்பட்டது. எளிய பொழுதுபோக்கு என ஒதுக்கப்படும் வகைமை, மேடை நாடகத்திற்கு இணையான மனப்பாடத்தையும் ஒருங்கிணைப்பையும் நடிகரிடம் கோரியது என்பதற்கு இது சான்று.

முடிந்த தொடர்கள் தரும் விடுதலை

பாத்திரத்தால் பெயர்பெறுதல் எப்போதும் சிறையாவதில்லை. தமிழ் மரபிலேயே இதற்குத் தலைசிறந்த சான்று உண்டு. அண்ணாவின் நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனுக்குப் பெரியார் வழங்கிய பெயரே ‘சிவாஜி’. அப்பாத்திரம் மேடையில் முடிந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. அதன்பின் அவர் ஏற்ற எண்ணற்ற பாத்திரங்களுக்கு அப்பெயர் தடையாகவில்லை. ‘வெண்ணிற ஆடை’ நிர்மலா, ‘நிழல்கள்’ ரவி, ‘தலைவாசல்’ விஜய் எனப் படப்பெயரை முன்னொட்டாகத் தாங்கியோர்க்கும் இது பொருந்தும். இவர்களுக்குப் படைப்பு ஊர்ப்பெயர் போன்றது. அது புறப்பட்ட இடத்தைச் சுட்டுமே அன்றி இருக்கும் இடத்தைச் சுட்டாது.

துப்பறியும் தொடர்களிலும் எல்லை வகுக்கப்பட்டவை இவ்விடுதலையைத் தந்துள்ளன. சரதிந்து பந்தோபாத்யாயின் வங்கக் கதைகளைக் கொண்டு பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘வியோம்கேஷ் பக்‌ஷி’ 1993இல் தூர்தர்ஷனில் வந்தது. மூலக்கதைகளின் எண்ணிக்கையே தொடருக்கு எல்லையாயிற்று. துப்பறிவாளராக நடித்த ரஜித் கபூர், 1996இல் சியாம் பெனகலின் ‘தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா’ படத்தில் காந்தியடிகளாக நடித்துச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். துப்பறிவாளர் முகத்தில் காந்தியைக் காணப் பார்வையாளர்க்குத் தடை இருக்கவில்லை.

தமிழில் நாகாவின் இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளைக் கொண்டு வந்த ‘மர்மதேசம்’ தனித்தனிக் கதைகளாக அமைந்தது. அவற்றுள் ‘விடாது கருப்பு’ கதையில் நடித்த சேத்தன், கால் நூற்றாண்டுக்குப் பின் ‘விடுதலை’ முதற்பாகத்தில் (2023) கொடிய காவல் அதிகாரியாக வந்தார். பழைய முகம் குறுக்கிடாமல் பார்வையாளர் அவரை ஏற்றனர்.

இவற்றிலிருந்து ஒரு முடிவைப் பெறலாம். முடிந்த பாத்திரம் நடிகருக்குப் பெயராகிறது. முடியாத பாத்திரம் அவருடைய வாழ்வையே இடமாகக் கொண்டுவிடுகிறது. மறைவிற்குக் காரணம் நடிகரின் ஆற்றல் குறைவு அன்று, பார்வையாளரின் அறியாமையும் அன்று. முடிவைத் தள்ளிவைத்துக்கொண்டே செல்லும் வணிக வடிவமே ஆகும்.

நோயும் குறையும் பாத்திரமாதல்

ஜெரமி பிரெட் (1933–1995) கிரனாடா நிறுவனத் தயாரிப்பில் 1984 முதல் 1994 வரை 41 பகுதிகளில் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தார். மூலக்கதைகளுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய உறுதி பரவலாக அறியப்பட்டது. 1985இல் அவருடைய மனைவி மறைந்தார். அதனைத் தொடர்ந்து இருமுனை மனநோயின் கடுமையால் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நோய்க்கு உட்கொண்ட மருந்தும் இதயக் கோளாறும் அவர் உடலைப் பருக்கச் செய்தன. மெலிந்து கூர்மையாகத் தொடங்கிய ஹோம்ஸின் முகம் பிற்பகுதிகளில் வீங்கிச் சோர்ந்து காணப்படுகிறது. 1994இல் ஒரு பகுதியில் அவரால் முழுமையாக நடிக்க இயலாமற்போகவே, துப்பறியும் பொறுப்பு ஹோம்ஸின் தமையன் மைக்ராஃப்ட் பாத்திரத்திற்கு மாற்றப்பட்டது. கோனன் டாயிலின் மூலக்கதையில் இவ்வாறு இல்லை. நடிகரின் நோய் பிரதியைத் திருத்தி எழுதிய இடம் இது.

பீட்டர் ஃபாக் (1927–2011) தம் மூன்றாம் வயதில் கண் புற்றுநோயால் வலக்கண்ணை இழந்தவர். செயற்கைக் கண்ணோடு வாழ்ந்தவர். 1968 முதல் 2003 வரை 69 பகுதிகளில் அவர் நடித்த ‘கொலம்போ’, எதனையும் கவனியாதவர் போன்ற சாய்ந்த பார்வையால் குற்றவாளிகளை ஏமாற வைத்தவர். அப்பாத்திரத்தை ஃபாக்கிற்கு முன்னரே வேறு நடிகர் தொலைக்காட்சியிலும் மேடையிலும் ஏற்றிருந்தனர். எனினும் இன்று கொலம்போ என்றால் நினைவுக்கு வருவது ஃபாக்கின் பார்வையும், அவர் தம்முடையதாகவே கொண்டுவந்த பழைய மழைமேலங்கியும்தாம். எழுதியோர் தந்தது புதிரும் உரையாடலும். பாத்திரத்தை வேறு எவரும் எளிதில் ஏற்க இயலாதவாறு ஆக்கியது நடிகரின் உடல்.

படைப்பை ஆசிரியரின் வாழ்விலிருந்து பிரித்தே படிக்க வேண்டும் என ரொலான் பார்த் 1960-களின் இறுதியில் முன்வைத்த கருத்து தமிழ்த் திறனாய்விலும் செல்வாக்குப் பெற்றது. எழுத்துப் பிரதிக்கு அக்கருத்து பயனுடையதே. ஆனால் நடிகர் பிரதிக்கு வெளியே நிற்கும் ஆசிரியர் அல்லர். பிரதி எழுதப்படும் ஏடே அவர்தாம். ஏட்டில் விழும் செல்லும் கறையும் சுவடிப் பதிப்பாசிரியர்க்குச் செய்தியாவது போல, நடிகரின் நோயும் முதுமையும் திறனாய்வாளர்க்குச் செய்தியாதல் வேண்டும். அதே வேளையில் பிரெட்டின் ஒவ்வொரு அசைவையும் அவர் நோயின் வெளிப்பாடாக விளக்குவதும் பிழையாகும். ஹோம்ஸின் கிளர்ச்சியும் சோர்வும் மூலக்கதையிலேயே உள்ளவை. நோய் வேறு, நடிப்பு வேறு. நோயுற்றிருந்தும் நோயை நடிக்காமல் பாத்திரத்தை நடித்தார் என்பதே அவருக்குச் செய்யும் முறையான மதிப்பீடு.

இரண்டு மரணங்கள்

‘சி.ஐ.டி.’யில் ஃபிரெட்ரிக்ஸ் என்னும் பாத்திரத்தில் நடித்தவர் தினேஷ் பட்னிஸ். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அதற்குரிய நிலைக்களன்களுள் பேதைமையும் மடனும் அடங்கும். ஃபிரெட்ரிக்ஸின் நகை இவ்விரண்டின் வழிப்பட்டது. பேய்க்கு அஞ்சுவதும், பொருந்தாத முடிவுக்கு விரைவதும், மனைவியின் சினத்தை எண்ணி நடுங்குவதும் அவர் இயல்புகள். பிணத்தோடு தொடங்கும் கதையில் இந்நகை வெறும் இடைநிரப்பு அன்று. அச்சமும் இளிவரலும் மிகுந்த உலகில் வீட்டிலுள்ள சிறாரும் உடன் அமர்ந்து பார்க்க இடந்தந்தது அதுவே. எனினும் தலைவனுக்கும் வலியவனுக்கும் கிடைத்த புகழில் ஒரு சிறு பங்கே நகைப் பாத்திரத்திற்குக் கிடைத்தது. 2023 திசம்பரில் பட்னிஸ் தம் 57ஆம் அகவையில் கல்லீரல் பாதிப்பால் மும்பையில் காலமானார். செய்தித் தலைப்புகள் பல அவரைத் தொடரின் பெயராலும் பாத்திரத்தின் பெயராலுமே அறிமுகம் செய்தன.

2024 திசம்பரில் தொடர் மீண்டும் தொடங்கியது. சாட்டம், ஸ்ரீவாஸ்தவ், ஷெட்டி மூவரும் திரும்பினர். 2025 ஏப்ரலில் கதையில் ஏ.சி.பி. பிரத்யுமன் கொல்லப்பட்டதாகக் காட்டப்பட்டது. ஒளிபரப்பு நிறுவனம் மெய்யான இரங்கல் குறிப்பின் வடிவிலேயே அறிவிப்பு வெளியிட்டது. பார்வையாளர் பலர் வருந்தினர், எதிர்ப்பும் எழுந்தது. அதே ஆண்டிலேயே பிரத்யுமன் உயிருடன் மீண்டார். டாயில் பத்து ஆண்டுகளில் செய்ததைத் தொலைக்காட்சி ஓராண்டிற்குள் செய்து முடித்தது.

இவ்விரு மரணங்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். கற்பனை மரணத்திற்கு இரங்கல் மொழி தடையின்றிக் கிடைத்தது. மெய்யான மரணம் எய்தியவரோ தம் சொந்தப் பெயரால் அறியப்படுவதற்கே பாத்திரத்தின் உதவியை நாட வேண்டியிருந்தது. பார்வையாளரின் அன்பு போலியானது அன்று. அவர்கள் ஃபிரெட்ரிக்ஸிற்காக வருந்தியபோது பட்னிஸின் இருபது ஆண்டு உழைப்பிற்காகவே வருந்தினர். அவ்வன்பு சென்று சேர வேண்டிய முகவரியில் மட்டும் பெயர் மாறியிருந்தது.

ஆய்வுலகின் பொறுப்பு

தமிழ்த் துறைகளில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய ஆய்வேடுகள் எழுதப்பட்டு வருகின்றன. கதைச்சுருக்கம், பெண் பாத்திரப் படைப்பு, குடும்ப விழுமியங்கள், மொழிநடை ஆகியன அவற்றின் வழக்கமான இயல்கள். நடிகர் பெயர் பெரும்பாலும் ஓர் அட்டவணையில் பாத்திரப் பெயருக்கு எதிரே ஒருமுறை வந்து மறைந்துவிடும். நாவலை ஆராயும் முறையைத் தொடருக்கும் அப்படியே பயன்படுத்துவதால் நேரும் குறை இது. கூத்து ஆய்வில் இக்குறை இல்லை. அங்கே கலைஞரின் ஊர், ஆசான், பயிற்சி, வேடம், கூலி, முதுமை அனைத்தும் களப்பணியில் பதிவாகின்றன. கூத்தருக்கு நாம் அளிக்கும் அவ்வாய்வு மதிப்பைத் தொலைக்காட்சி நடிகருக்கு மறுப்பதற்குத் தக்க காரணம் இல்லை.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: துப்பறியும் தொடரில் வழக்கு முடிய, பாத்திரம் முடியாது நிற்பதால் நடிகரின் உடற்காலமும் பாத்திரக் காலமும் முரண்படுகின்றன. நடிகரின் பயிற்சி, பிற பாத்திரங்கள், நோய், முதுமை ஆகியன எழுதப்படாத நிலையிலும் பாத்திரத்தின் பொருளில் பங்கு கொள்கின்றன. எல்லை வகுக்கப்பட்ட தொடரில் பாத்திரம் நடிகருக்கு அடைமொழியாகிறது. எல்லையற்ற தொடரில் இயற்பெயரை மறைக்கிறது. ஆகவே தொடர்களை ஆராய்வோர் பாத்திரத்தையும் நடிகரையும் ஒருங்கே வைத்து ஆராய்தலும், இடம்தோறும் நடிகரின் இயற்பெயரைச் சுட்டுதலும் இன்றியமையாதன.

பெயர் தெரியாதார்க்குப் பெயர் தந்து போற்றிய மரபு நம்முடையது. பெயர் தெரிந்த சிவாஜி சாட்டத்தையும் தினேஷ் பட்னிஸையும் பெயரோடு நினைத்தல் அதனினும் எளிய கடமையே.